தரும நடையும் ஊர்ப் பாதையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



ஒருவன் ஐந்து மைல் நடப்பதனால் இன்னொருவனுக்கு என்ன பயன்? நடந்தவனுக்குக் கால்வலி மிஞ்சும். நல்ல பசி எடுக்கும். இரவில் உறக்கம் வரும். இவற்றுள் ஒன்றையேனும் பிறருக்குக் கொடுத்துவிட இயலாது. ஆயினும் இங்கிலாந்து தேசத்தின் கிராமப்புறங்களில், தாயும் தந்தையும் பாட்டனும் பேரக் குழந்தைகளுமாகக் குடும்பம் குடும்பமாக நடந்து, அந்நடையைப் பணமாக்கி, அப்பணத்தைத் தரும காரியங்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். அங்கே என் மகன் குடும்பத்தோடு சில மாதங்கள் தங்கியிருந்தபோது இத்தகைய நடையொன்றில் நானும் கலந்துகொண்டேன். அதனைப்பற்றிப் பேசும்படி முகாம் அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். நடையைப்பற்றிக் கொஞ்சமும், அந்த நடைக்கு இடங்கொடுக்கும் பாதையைப்பற்றிச் சற்று அதிகமாகவும் பேசப்போகிறேன். பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு அந்தப் பாதைதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

நடையென்பது நமக்குப் புதிய செய்தியன்று. தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடந்து செல்வோரையும், வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் வைத்து மோரும் பானகமும் வழங்குவோரையும் ஆண்டுதோறும் காண்கிறோம். வினோபா பாவே 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி தெலுங்கானாவில் போச்சம்பள்ளி என்னும் ஊரில் முதல் பூதானம் பெற்று, பின்னர் ஊர் ஊராக நடந்தே நிலம் கேட்டதை நாடறியும். நான் சொல்லவந்த நடை இவ்விரண்டினும் வேறானது. பழனிக்கு நடப்பவர் தம் நேர்த்திக்கடனுக்காக நடக்கிறார். வினோபா கேட்பதற்காக நடந்தார். இங்கிலாந்துக் குடும்பமோ புறப்படுமுன்னரே அண்டை அயலாரிடமும் உற்றார் உறவினரிடமும் சென்று, “நாங்கள் இத்தனை மைல் நடந்து முடித்தால், மைலுக்கு இவ்வளவு என்று இன்ன தருமத்திற்குக் கொடுப்பீர்களா?” என்று ஒப்பந்தம் பேசிக்கொள்கிறது. நடந்தால்தான் பணம். பாதியில் நின்றால் பாதிப் பணம்.

இதற்கென ஒரு படிவம் உண்டு. கொடுப்பவர் பெயர், வீட்டு விலாசம், மைலுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, செலுத்திய தேதி என்று கட்டங்கள் இருக்கும். ஐந்து மைல் நடக்கும் ஒரு சிறுமிக்குப் பன்னிரண்டு பேர் மைலுக்கு 50 பென்னி வீதம் எழுதினால் 30 பவுண்டு சேரும். கடைசிக் கட்டத்தில் ஒரு சிறு குறியிட இடம் உண்டு. கொடுப்பவர் வருமான வரி செலுத்துபவராயிருந்து அங்கே குறியிட்டால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்னி வீதம் சர்க்காரிடமிருந்து அறநிலையம் கேட்டுப் பெறலாம். 1990ஆம் ஆண்டில் ஏற்பட்ட திட்டம் இது. பன்னிரண்டு பேரும் குறியிட்டால் சிறுமியின் 30 பவுண்டு 37 பவுண்டு 50 பென்னி ஆகிவிடும். இக்காலத்தில் கைபேசி வழியாகவும் பணம் செலுத்துகிறார்கள். ஆயினும் கிராமங்களில் காகிதப் படிவம் இன்னும் வழக்கொழியவில்லை. முன்பின் அறியாதவர் வீடுகளுக்கெல்லாம் சென்று தண்டுவதற்கு 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும்; அவ்வேலையைச் சிறுவர்கள் செய்யவும் கூடாது. ஆதலால் குழந்தைகளின் படிவத்தில் தெரிந்தவர்களின் பெயர்களே இருக்கும். இது ஒருவகையில் நல்லதே. தெரிந்தவரிடம் வாங்கிய பணத்திற்குப் பதில் சொல்லியாக வேண்டுமன்றோ?

இவ்வழக்கம் ஒரே நாட்டில் தோன்றி வளர்ந்ததன்று. போர்ட்டோ ரிக்கோ தீவில் டிப்லோ என்று மக்கள் அழைத்த நகைச்சுவை நடிகர் ரமோன் ரிவேரோ, 1953ஆம் ஆண்டில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பொருள் திரட்டத் தலைநகரான சான் ஹுவானிலிருந்து போன்சே நகர்வரை ஏறத்தாழ 80 மைல் நடந்தார். கனடாவில் 1967ஆம் ஆண்டு முதல் வறிய நாடுகளின் உதவிக்காக மாணவர்களும் குடும்பங்களும் திரள்திரளாக நடந்தார்கள். அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு வடக்கு டகோட்டா மாநிலத்துப் பிஸ்மார்க் நகரில் பசிப்பிணி ஒழிப்புக்கான நடையொன்று தொடங்கிற்று. அது பின்னர் பல ஊர்களுக்கும் பரவியது. இவையெல்லாம் பெருங்கூட்டம் சாலைவழியே நடந்த நடைகள். இங்கிலாந்தின் கிராமப்புற நடையோ சிறியது, வயல்வழியே செல்வது.

நாங்கள் நடந்தது டெர்பிஷையர் என்னும் மாவட்டத்தில், டிஸ்ஸிங்டன் என்ற கிராமத்தின் பக்கம். சுண்ணாம்புப் பாறை நிலம். மேய்ச்சற் புல்லே அங்கு முக்கியப் பயிர். வேலிக்குப் பதிலாகச் சாந்தின்றிக் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள் மைல் கணக்கில் ஓடும். இவ்வூரில் கிணற்றுக்கு அலங்காரம் செய்யும் வழக்கமொன்றுண்டு. ஈஸ்டர் பண்டிகைக்கு நாற்பதாம் நாளை ஒட்டி, பலகைகளில் ஈரக் களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் மலரிதழ்களைப் பதித்துச் சித்திரமாக்கி, ஊர்க் கிணறுகள்மேல் நிறுத்துவார்கள். தண்ணீருக்கு நன்றி கூறும் விழா அது. ஆடிப்பெருக்கு கொண்டாடும் நமக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

அவ்வூர் வழியாக முன்னர் ஒரு ரயில் பாதை சென்றது. 1967ஆம் ஆண்டில் அப்பாதை மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்த பின்னர் அந்நிலத்தை விற்றுத் துண்டுபோடாமல், தேசியப் பூங்கா நிர்வாகம் வாங்கி, மண்ணைச் சமன்செய்து, 1971ஆம் ஆண்டில் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் குதிரையேறுவோருக்கும் திறந்துவிட்டது. ஆஷ்பர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 13 மைல். ரயில் ஓடிய பாதையாதலால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகலாம். சக்கர நாற்காலியும் செல்லும். குடும்ப நடைக்கு இத்தகைய பாதை ஒரு வரம். நடையை நடத்தியவர்கள் இரண்டு வழிகள் வகுத்திருந்தார்கள். பழைய ரயில் பாதையிலேயே சென்று திரும்பும் ஐந்து மைல் ஒன்று. வயல்களூடே சுற்றிவரும் பத்து மைல் மற்றொன்று. என் மகனும் நானும் பத்து மைலுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஆறு. அவர்களைக் கண்டபின், ஐந்து மைலே போதுமென்று மருமகள் தீர்ப்பளித்துவிட்டாள். குழந்தைகளோடு போகும்போது எல்லாரினும் சிறிய காலே கணக்கு. வளர்ந்தவர்கள் மணிக்கு மூன்று மைல் நடப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளை வண்ணத்துப்பூச்சிக்கும் குட்டைத் தண்ணீருக்கும் நின்று நின்று நடப்பதால் ஒன்றரை மைல் போனால் பெரிது.

ஆகவே நாங்கள் சென்றது எளிய வழி. அதுவும் முழுவதும் ரயில் பாதையன்று. கடைசி ஒரு மைல் வயலூடாகத் திரும்புவது. பாதை நெடுகிலும் தொண்டர்கள் மஞ்சள் மேலங்கி அணிந்து நின்றார்கள். மூன்று இடங்களில் மேசை போட்டுத் தண்ணீரும் பழமும் வைத்திருந்தார்கள். அவ்விடங்களில் ஒவ்வொருவருடைய அட்டையிலும் முத்திரை குத்தினார்கள். கூட்டத்தின் கடைசியில் ஒருவர் எல்லார்க்கும் பின்னால் நடந்துவந்தார். அவர் வந்து சேர்ந்தால்தான் நடை முடிந்ததாகப் பொருள். ஒருவரும் வழியில் விடுபடலாகாது என்பதற்காக அவரை வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம்மவர் ஊர்வலங்களில் முன்னால் நடக்கப் பலர் போட்டியிடுவர். பின்னால் நடக்க ஒருவரை நியமித்ததை நான் கண்டதில்லை.

பாதியில் மழை பிடித்துக்கொண்டது. அந்நாட்டில் ஜூன் மாதத்திலும் மழையை நம்பலாம், வெயிலை நம்ப முடியாது. எல்லார் முதுகுப் பைகளிலும் மழைச்சட்டை இருந்தது. ஒருவர்கூட மரத்தடியில் ஒதுங்கவில்லை.

வயற்பாதையில் நுழைந்தபோதுதான் நான் சொல்லவந்த விஷயம் கண்முன் வந்தது. கற்சுவரில் ஓரிடத்தில் இரண்டு நெடுங்கற்களை நிறுத்தி நடுவில் ஒடுங்கிய சந்து விட்டிருந்தார்கள். மனிதர் உடம்பை ஒருக்களித்து நுழையலாம்; பசு நுழைய முடியாது. பக்கத்துக் கம்பத்தில் மஞ்சள் நிற அம்புக்குறி. உள்ளே ஒருவருக்குச் சொந்தமான புல்வெளி. அதில் பசுக்கள் மேய்கின்றன. அவ்வெளியின் குறுக்கே நாங்கள் நூற்றுக்கணக்கானோர் யாரையும் கேளாமல் நடந்துபோனோம். நிலத்துக்குரியவர் தம் வாயிலில் நின்று, “ஈரத்தில் வழுக்கும், பார்த்துப் போங்கள்” என்றார். அவ்வளவே. அனுமதி என்று ஒன்றை நாங்கள் கேட்கவுமில்லை, அவர் கொடுக்கவுமில்லை. ஏனெனில் அது அவர் நிலமாயினும், அதன்மேல் செல்லும் பாதையில் நடக்கும் உரிமை ஊராருடையது.

இந்த உரிமை அங்கே எளிதில் நிலைக்கவில்லை. அதே மாவட்டத்தில் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தை வேட்டைப் பறவை வளர்ப்புக்காகச் செல்வர்கள் அடைத்து வைத்திருந்தனர். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி, ஆலைத் தொழிலாளர் பலர் உள்ளிட்ட கூட்டமொன்று தடையை மீறி அதன்மேல் ஏறிற்று. அவர்களில் ஐந்து பேர் சிறை சென்றனர். பின்னர் 1949ஆம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. தேசியப் பூங்காக்கள் அமைப்பதற்கும், நாட்டிலுள்ள பொதுநடைபாதைகள் அனைத்தையும் கணக்கெடுத்துப் படத்தில் குறிப்பதற்கும் அச்சட்டம் வழிசெய்தது. 1951ஆம் ஆண்டில் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் இந்த மேட்டுநிலம் அடங்கிய பகுதியே.

பாதைகளைக் கணக்கெடுத்தவர் யார் என்பதைக் கவனியுங்கள். தலைநகரிலிருந்து அதிகாரிகள் வந்து எடுக்கவில்லை. அந்நாட்டில் பாரிஷ் என்பது நமது கிராமத்தைப் போன்ற மிகச்சிறிய ஆட்சிப் பிரிவு. 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி தேர்தலால் அமைந்த பாரிஷ் கவுன்சில்கள் நம் பஞ்சாயத்துகளுக்கு ஒப்பானவை. இந்தப் பாரிஷ் கவுன்சில்களும் பாரிஷ் கூட்டங்களும்தாம் ஊரிலுள்ள முதியவர்களைக் கேட்டு, பாதைகளை நடந்து பார்த்து, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று எழுதிக் கொடுத்தன. அவற்றை வைத்து மாவட்ட அதிகாரிகள் அறுதிப் படம் ஒன்று தயாரித்தார்கள். அப்படத்தில் ஒரு பாதை ஏறிவிட்டால் அதுவே முடிவான சான்று. பின்னர் யாரும் வந்து, “இங்கே பாதையே இருந்ததில்லை” என்று எளிதில் வழக்காட இயலாது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலுமாக இவ்வாறு பதிவானவை ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். அவற்றுள் பெரும்பகுதி நமது வரப்பை ஒத்த ஒற்றையடிப் பாதைகளே. ஊர்ப் பெரியவர்கள் அக்கறையோடு எழுதிக்கொடுத்த பாரிஷ்களில் பாதைகள் நிறைந்திருக்கின்றன. அசட்டையாயிருந்த பாரிஷ்களில் படம் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று அந்நாட்டார் சொல்லக் கேட்டேன்.

இதற்கும் முந்திய வழக்கம் ஒன்றையும் கூற வேண்டும். நிலப்படங்கள் பரவாத காலத்தில், ஆண்டுக்கொருமுறை பாதிரியார் முன்செல்ல ஊரார் யாவரும் தம் பாரிஷின் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். சிறுவர்களை அவசியம் அழைத்துச் செல்வார்கள். எல்லைக்கல் வந்ததும் ஒரு சிறுவனைத் தூக்கி அதன்மேல் மெல்ல மோதுவதும், கையிலுள்ள கழியால் கல்லை அடிக்கச் செய்வதும் உண்டு. அறுபது ஆண்டு கழித்து எல்லைத் தகராறு வந்தால், “நான் சிறுவனாக இருந்தபோது இங்கேதான் என்னை மோதினார்கள்” என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் இருப்பான் என்பதே அதன் கருத்து. குடும்பத்தோடு ஊர்ப்புறத்தில் நடப்பது அந்நாட்டில் வெறும் உல்லாசமாகத் தொடங்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

சரி, பாதையை ஒருவர் அடைத்துவிட்டால் என் செய்வது? 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் இதற்கு விடையுண்டு. பாரிஷ் கவுன்சில், “எங்கள் ஊரில் இன்ன பாதை சட்டவிரோதமாக அடைபட்டிருக்கிறது” என்று நெடுஞ்சாலை நிர்வாகத்துக்கு எழுதினால், அச்செய்தி தவறென்று அந்நிர்வாகம் தெளிந்தாலன்றி, தகுந்த நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும். விருப்பமிருந்தால் எடுக்கலாம் என்பதன்று. எடுக்க வேண்டியது கடமை. எங்கள் நடைக்கு வகுத்த வழியிலும் ஒரு சந்தில் முள்கம்பி கட்டியிருந்ததாம். நடைக்கு ஆறு வாரம் முன்னர் பாரிஷ் குமாஸ்தா ஒரு கடிதம் எழுதினார், கம்பி அகன்றது. குழந்தைகள் நடந்து சேர்த்த பணத்தில் அக்குமாஸ்தாவின் கடிதத்துக்கும் ஒரு பங்கு உண்டென்றே நான் கருதுகிறேன்.

இங்கே உழவர் பெருமக்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. “பாதை பாதையென்று பேசுகிறீரே, நிலம் எங்களுடையதல்லவா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்நாட்டுச் சட்டம் உழவனை மறக்கவில்லை. வயலின் குறுக்கே செல்லும் நடைபாதையை உழவன் உழலாம். ஆனால் விதைப்புக்காக முதலில் உழுத பதினான்கு நாளுக்குள் அப்பாதையைச் சமன்செய்து, குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு நடப்பதற்கேற்ப விட்டுவிட வேண்டும். பயிர் அதன்மேல் கவியலாகாது. வயலோரத்துப் பாதையானால் உழவே கூடாது. ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டும். இவை 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள். சுவரைத் தாண்டும் மரப்படியையும் வாயிலையும் செப்பனிட வேண்டியவர் நிலக்காரரே. ஆயினும் செலவில் காற்பங்கேனும் நெடுஞ்சாலை நிர்வாகத்திடம் அவர் பெறலாம். காளைகளைப்பற்றியும் விதியுண்டு. பால் வர்க்கத்துக் காளை பத்து மாதத்துக்கு மேற்பட்டதாயின், பாதை செல்லும் வெளியில் அவிழ்த்துவிடலாகாது. மற்ற வர்க்கத்துக் காளையைப் பசுக்களோடு சேர்த்தே விடலாம், தனியாக விடலாகாது. பால் வர்க்கத்துக் காளை முரட்டுத்தனம் மிக்கது என்பது மாடு வளர்ப்போர் எங்கும் அறிந்ததே.

நடப்பவர்க்கும் கட்டுப்பாடுண்டு. திறந்த வாயிலைத் திறந்தபடியும், சாத்திய வாயிலைச் சாத்தியும் செல்ல வேண்டும். கால்நடை மேயுமிடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்களின் நடுவே புகாமல் சுற்றிக்கொண்டு போகவேண்டும். பசுக்கள் நாயைத் துரத்தினால் கயிற்றை விட்டுவிடும்படி சொல்லிக் கொடுக்கிறார்கள். நாய் ஓடிப் பிழைத்துக்கொள்ளும், பிடித்திருப்பவர் மிதிபடுவார். நடை தொடங்குமுன் இவற்றையெல்லாம் குழந்தைகளையே கேட்டு விடை சொல்ல வைத்தார்கள். என் பேரன் வழியில் கண்ட ஒவ்வொரு வாயிலையும் ஓடிச்சென்று தானே சாத்தினான். அதனால் பின்னால் வந்த ஐம்பது பேரும் மீண்டும் திறக்க நேர்ந்தது.

உழவனும் நடப்பவனும் ஒருவரையொருவர் நம்பியிருப்பது 2001ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் அந்நாட்டுக் கால்நடைகளிடையே கோமாரி நோய் பரவியது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகளும் பன்றிகளும் கொல்லப்பட்டன. நோய்க்கிருமி செருப்பில் ஒட்டிச் செல்லுமென்பதால் நாடெங்கும் கிராமப் பாதைகளை மூடினார்கள். நடைகள் நின்றன. மூடிய சில மாதங்களில், உழவரோடு கிராமத்து விடுதிகளும் தேநீர்க் கடைகளும் பெருநட்டமடைந்தன. பாதையால் ஊருக்கு எவ்வளவு வருமானம் வந்துகொண்டிருந்தது என்பது, பாதை மூடியபோதுதான் பலருக்குத் தெரிந்தது. நடப்பவர்களும் அக்காலத்தில் பிணங்கவில்லை. மாடு செத்தால் உழவன் வீட்டில் என்ன நிலைமை என்பதை அறிந்தவர்களே பலர்.

இனிப் பணத்துக்கு வருவோம். எங்கள் நடை, அம்மாவட்டத்து ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் செலவுக்காக நடந்தது. இங்கிலாந்தில் அவசர சிகிச்சைக்கு ஆகாய மார்க்கமாக மருத்துவரைக் கொண்டுசேர்க்கும் இத்தகைய ஊர்திகளைப் பெரும்பாலும் அறநிலையங்களே மக்கள் கொடையால் நடத்துகின்றன. 1987ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி கார்ன்வாலில் முதலாவது ஊர்தி பணியைத் தொடங்கிற்று. சாலையினின்று தொலைவிலுள்ள வயலில் டிராக்டர் கவிழ்ந்து ஓர் உழவன் அடியில் சிக்கினால், ஆம்புலன்ஸ் வண்டி வந்துசேர முக்கால் மணி ஆகலாம். ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் வந்து இறங்கும். ஆகவே, “பார்த்துப் போங்கள்” என்று வாயிலில் நின்று சொன்ன அந்த நிலக்காரர், நடப்பவர்களுக்கு இடம் கொடுத்தது பரோபகாரம் மட்டுமன்று. வண்டிகள் நிறுத்தப் புல் அறுத்த வெளியொன்றையும் அவர் வாடகையின்றி விட்டிருந்தார்.

நடை முடிந்த மாலையில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. கடைசி அரை மைல் என் பேரன் தந்தையின் தோள்மேல் உட்கார்ந்து வந்தான். அவன் படிவத்தில் எத்தனை மைல் என்று எழுதுவது? மூன்று இடத்து முத்திரையும் அட்டையில் இருந்தன. ஐந்தென்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. “தருமத்துக்குத்தானே” என்று நான் சொன்னேன். பேத்தி ஒப்பவில்லை. “தாத்தா, அவன் நடந்தது நாலரை. எழுதியவர்கள் நடைக்குத்தானே எழுதினார்கள்?” என்றாள். மருமகள் நாலரை என்றே எழுதினாள். பணம் வாங்கச் சென்றபோது பக்கத்து வீட்டு மூதாட்டி அதைப் படித்துச் சிரித்துவிட்டு, நாலரை மைலுக்கே எண்ணிக் கொடுத்தார். அரை மைலுக்கு மேல்பணம் கொடுக்கவில்லை. அதுவே முறையென்று எனக்குப் பட்டது.

கணக்கைப்பற்றி அந்நாடு பெரியதொரு பாடத்தைக் கண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், தொற்றுநோயால் நாடே வீட்டில் அடைபட்டிருந்தபோது, பெட்ஃபோர்டுஷையரில் மார்ஸ்டன் மொரட்டெய்ன் என்னும் கிராமத்தில் டாம் மூர் என்ற முதியவர், உருளை பொருத்திய நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தம் வீட்டுத் தோட்டத்தில் நூறு முறை நடந்தார். இரண்டாம் உலகப்போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றிய படைவீரர் அவர். நூறாவது பிறந்தநாளுக்குள் ஆயிரம் பவுண்டு சேர்த்து மருத்துவ ஊழியர்க்கு உதவ வேண்டுமென்பது நோக்கம். சேர்ந்ததோ மூன்று கோடியே இருபது லட்சம் பவுண்டுக்கு மேல். அத்தொகை சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தது. ஆனால் அவர் பெயரால் பின்னர் அமைந்த வேறோர் அறநிலையத்தில் நிர்வாகச் சீர்கேடு இருந்ததென்றும், குடும்பத்தார் அதனால் ஆதாயமடைந்தனரென்றும், அறநிலையங்களை மேற்பார்க்கும் ஆணையம் விசாரித்து 2024ஆம் ஆண்டு நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. முதியவர் 2021லேயே மறைந்துவிட்டார். அவர் நடந்த நடையில் குற்றமில்லை. பின்னால் வந்த கணக்கில் ஏற்பட்ட குறை அப்பெயரையும் தொட்டுவிட்டது.

அதனால்தானோ என்னவோ, கிராமத்து நடைகளில் கணக்கை உடனுக்குடன் முடிக்கிறார்கள். நாங்கள் நடந்த இரண்டாம் வாரத்திலேயே பாரிஷ் அறிவிப்புப் பலகையில் வரவும் செலவும் ஒட்டப்பட்டிருந்தன. தண்ணீருக்கு இவ்வளவு, அட்டை அச்சடிக்க இவ்வளவு, தேநீர் மாதர் சங்கத்தாரின் நன்கொடை, அறநிலையத்துக்குச் செலுத்தியது இவ்வளவு, ரசீது எண் இன்னது என்று ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. பேத்தி அதன் எதிரே நின்று, தன் படிவத்துத் தொகை உள்ளே வந்திருக்கிறதா என்று கேட்டாள். மொத்தத்தில் தனித்தனியாகத் தெரியாதென்று சொன்னதும் அவளுக்குச் சற்று ஏமாற்றமே.

நம் ஊர்களிலும் நாளையே இதனைத் தொடங்குங்கள் என்று சொல்வதற்காக நான் வரவில்லை. சித்திரை வெயிலில் குழந்தைகளை ஐந்து மைல் நடத்துவது தருமமாகாது. ஆனால் நான் திரும்பிவந்தபின் எங்கள் ஊர்ப் புலப்படத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஏரிக்கரையிலிருந்து கீழத்தெருவுக்குச் செல்லும் வண்டிப்பாதை ஒன்று அதில் தெளிவாக இருக்கிறது. தரையில் பாதித் தொலைவுக்கு மேல் அது இல்லை. கருவேலமும் வைக்கோற்போரும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் சாலையைச் சுற்றிக்கொண்டு, லாரிகளுக்கிடையே போய் வருகிறார்கள். அப்பாதையை அளந்து கல் நடும்படி கிராம சபையில் மனுக் கொடுத்திருக்கிறோம். தீர்மானம் நிறைவேறி, தாலுகா அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. வைக்கோற்போருக்கு உரியவர் என் பங்காளிதான். அறுவடை முடிந்ததும் போரை மாற்றிப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கருவேலத்துக்கு உரியவர் எவரென்று இதுவரை ஒருவரும் முன்வரவில்லை.

உங்கள் ஊர்ப் படங்களைப்பற்றிக் கேட்க வேண்டியவை இருந்தால், உணவு வேளைக்குப் பின் சர்வேயர் அவர்கள் இங்கே இருப்பார்கள்.